உரிமையைக் கொடுத்துப் பெற்ற பணம்

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், பாலைவனமும் கள்ளியும் செந்நிறக் குன்றுகளும் சூழ்ந்த அரிசோனா மாகாணத்தில், ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையின் தாயார் அக்குழந்தையை அரசுப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டு, மாகாணக் கல்வி இலாகாவோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாரானால், அக்குழந்தையின் படிப்புக்கென்று மாகாண அரசாங்கம் பள்ளிக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையில் நூற்றுக்கு 90 பங்கு, அவர் பெயரில் திறக்கப்படும் ஒரு கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து சேருகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு அவர் தனியார் பள்ளிக்குச் சம்பளம் கட்டலாம். பேச்சு வராத பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஸ்பீச் தெரபிஸ்டுக்குக் கொடுக்கலாம். பென்சில் பிடிக்கவும் பொத்தான் போடவும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்குச் செலவிடலாம். வீட்டுக்கு வந்து பாடம் சொல்லும் ஆசிரியரை அமர்த்திக்கொள்ளலாம். புத்தகங்களும் விசேஷக் கருவிகளும் வாங்கலாம். செலவாகாமல் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் கல்லூரிப் படிப்புக்கும் உபயோகிக்கலாம். ஆட்டிசம் போன்ற நிலைகளில் இத்தொகை ஆண்டொன்றுக்கு 30,000 டாலரைத் தாண்டுவதும் உண்டு. 'எம்பவர்மென்ட் ஸ்காலர்ஷிப் அக்கவுண்ட்' என்பது சட்டப் புத்தகத்தில் இதன் பெயர், பெற்றோர்கள் ஈ.எஸ்.ஏ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சர்க்கார் பணத்தில் நடைபெறும் கல்விச் சேமிப்புக் கணக்கு என்ற ஏற்பாட்டை 2011-ல் முதன்முதலில் கொண்டுவந்த மாகாணம் அரிசோனாதான். அந்த முதல் ஆண்டில் ஏறத்தாழ 150 குழந்தைகள், எல்லோரும் விசேஷக் கவனம் தேவைப்பட்டவர்கள், இதில் சேர்ந்தார்கள்.

ஒரு சாரார் இதைப் பெற்றோரின் சுதந்திரம் என்று போற்றுகிறார்கள். மற்றொரு சாரார், பொதுப் பள்ளிகளின் அஸ்திவாரத்தைத் தோண்டுகிற காரியம் என்று கண்டிக்கிறார்கள். இந்த வாதப் பிரதிவாதங்களின் இரைச்சலில், எந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி இக்கணக்கு முதலில் திறக்கப்பட்டதோ அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது என்ன, அதற்காக அது விட்டுக்கொடுத்தது என்ன என்ற விசாரணை பெரும்பாலும் நடப்பதே இல்லை. நமக்கு முக்கியமாகத் தோன்றுவது அதுவே.

விட்டுக்கொடுத்தது இன்னதென்று விளங்க வேண்டுமானால், அது எவ்வளவு சிரமப்பட்டுச் சம்பாதிக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 1970-களின் தொடக்கம் வரையில் அமெரிக்காவில் உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பள்ளிக்கூடம் கிடைத்தது. காது கேளாதவர்களையும், பார்வையற்றவர்களையும், புத்தி வளர்ச்சி குன்றியவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்த மாகாணங்கள் பல. பென்சில்வேனியாவிலும் தலைநகராகிய வாஷிங்டனிலும் பெற்றோர்கள் வழக்குத் தொடுத்து, நியாயஸ்தலத்தில் வெற்றி பெற்ற பிறகே காங்கிரஸ் சபை விழித்துக்கொண்டது. 1975 நவம்பர் 29-ஆம் தேதி ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், எந்தக் குறை உள்ள குழந்தையானாலும் அதற்குத் தகுந்த கல்வியை இலவசமாக அளிப்பது அரசுப் பள்ளியின் கடமை என்று விதித்தது. 1990-ல் பெயர் மாறி 'ஐ.டி.இ.ஏ.' என்று வழங்கும் அச்சட்டத்தின் ஜீவநாடி, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக எழுதப்படும் கல்வித் திட்டம். ஐ.இ.பி. என்று அவர்கள் சொல்லும் அந்தப் பத்திரத்தை ஆசிரியரும், பள்ளி நிர்வாகியும், நிபுணரும், பெற்றோரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து எழுதுகிறார்கள். வாரத்துக்கு எத்தனை மணி பேச்சுப் பயிற்சி, எந்த வகுப்பில் எத்தகைய உதவியாளர், ஆண்டு முடிவில் குழந்தை எட்ட வேண்டிய நிலை எது என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. பள்ளி அதன்படி நடக்காவிட்டால் பெற்றோர் விசாரணை அதிகாரியிடம் முறையிடலாம், அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். இன்று இச்சட்டத்தின் பாதுகாப்பில் ஏறத்தாழ 75 லட்சம் பிள்ளைகள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 15 பேர், படிக்கிறார்கள். இப்படி ஒரு கடமையை ஓர் அரசாங்கம் தன் தலைமேல் தானே சுமத்திக்கொள்வது சாமானியமான விஷயமல்ல; மனித சமுதாயம் செய்த மேன்மையான காரியங்களில் ஒன்றாக அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் கடமையை விதித்தவர்களே அதற்கான பொருளைக் கொடுக்கவில்லை. விசேஷக் கல்விக்கு ஆகும் அதிகப்படிச் செலவில் நூற்றுக்கு 40 பங்கு வரையில் மத்திய அரசாங்கம் ஏற்கும் என்று 1975-ல் வாக்களிக்கப்பட்டது. இன்று வரையில் அந்த வாக்கு ஒரு வருஷங்கூட நிறைவேறவில்லை. சமீப காலங்களில் நூற்றுக்கு 15 பங்கைக்கூட எட்டுவதில்லை. பாரம் முழுவதும் மாகாணங்களின் மேலும் ஊர்ப் பள்ளி நிர்வாகங்களின் மேலும் விழுந்தது. பாரத்தைக் குறைக்கும் மார்க்கத்தைச் சிலர் மிகக் கொடுமையான முறையில் கண்டுபிடித்தார்கள். டெக்ஸாஸ் மாகாணத்தில் 2004-ஆம் ஆண்டு முதல், மாணவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு மேல் விசேஷக் கல்வி பெறுவது கூடாதென்ற ஓர் அளவுகோலைக் கல்வி அதிகாரிகள் ஓசையில்லாமல் வைத்துக்கொண்டார்கள். நாட்டின் சராசரியோ நூற்றுக்கு 13-ஐ ஒட்டியிருந்தது. 2016-ல் 'ஹூஸ்டன் க்ரானிக்கிள்' பத்திரிகை இதைக் கண்டறிந்து வெளியிட்ட பின்னரே, மறுக்கப்பட்ட குழந்தைகள் ஆயிரமாயிரம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. இது சட்ட விரோதம் என்று மத்தியக் கல்வி இலாகா 2018-ல் தீர்ப்புச் சொன்னது. பத்து வருஷத்துக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் உதவியின்றித் தவித்த பிள்ளைகளுக்கு அந்த வருஷங்களைத் திருப்பிக் கொடுக்க எந்த இலாகாவாலும் முடியாது.

நியாயஸ்தலத்துக்குப் போகலாம் என்பது உண்மைதான். போவதற்கு ஆகும் காலத்தையும் கணக்கிட வேண்டும். கொலராடோ மாகாணத்தில் டக்ளஸ் கவுண்டியில் எண்ட்ரூ என்ற, ஆட்டிசம் உள்ள சிறுவன், வருஷந்தோறும் ஏறக்குறைய அதே ஐ.இ.பி.யில் முன்னேற்றமின்றி நிற்பதைக் கண்ட பெற்றோர், 2010-ல் அவனை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே நடக்கும் தனியார் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே பையன் தேறினான். செலவைத் திருப்பித் தரும்படி அவர்கள் தொடுத்த வழக்கு படிப்படியாக ஏறி, 2017-ல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தை அடைந்தது. பேருக்குச் சிறிது பயன் அளித்தால் போதுமென்ற கீழ்க்கோர்ட்டின் கொள்கையைத் தள்ளி, குழந்தையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்கு வழிசெய்யும் கல்வியே தகுந்த கல்வி என்று பிரதம நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அளித்தது. பள்ளி நிர்வாகம் 13 லட்சம் டாலர் கொடுக்க இசைந்தது 2018-ல். எட்டு வருஷம்! சிறுவன் அதற்குள் வாலிபனாகிவிட்டான். எண்ட்ரூவின் பெற்றோருக்கு வக்கீல்களும் பொறுமையும் வாய்த்தன. இரண்டு வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் தாயாருக்கு இவை வாய்ப்பதில்லை. அப்படிப்பட்டவரிடம், வழக்கு வேண்டாம், வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டாம், பணம் இதோ என்று ஒரு கார்டை நீட்டினால், அவர் அதை வாங்கிக்கொள்வதில் என்ன குற்றம்? அவர் நிலையில் இருந்தால் நாமும் அதையே செய்வோம்.

கணக்கு என்ற உருவம் வந்த வரலாறு சுவாரசியமானது. மில்டன் ஃபிரீட்மன் என்னும் பொருளாதார நிபுணர் 1955-ல், அரசாங்கம் பள்ளிகளை நடத்த வேண்டியதில்லை, பெற்றோரிடம் வவுச்சர் கொடுத்தால் அவர்களே பள்ளியைத் தேர்ந்துகொள்வார்கள் என்று எழுதினார். அந்த யோசனையைப் பின்பற்றி அரிசோனா 2006-ல் விசேஷக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கென்று வவுச்சர் திட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் அந்த மாகாணத்தின் அரசியல் சாசனம், தனியார் பள்ளிக்கோ மதச் சார்புள்ள பள்ளிக்கோ உதவியாகப் பொதுப்பணத்தை ஒதுக்கலாகாது என்று தெளிவாகத் தடுக்கிறது. ஆகவே 2009-ல் 'கேன் எதிர் ஹோர்ன்' என்ற வழக்கில் மாகாணத் தலைமை நீதிமன்றம் திட்டத்தை ரத்துச் செய்தது. வழக்கின் பெயரில் காணும் டாம் ஹோர்ன் அப்போது மாகாணக் கல்வித் தலைவர். பதினான்கு வருஷத்துக்குப் பின் 2023-ல் மீண்டும் அதே பதவிக்கு வந்து, இப்போது இக்கணக்குகளை நிர்வகித்து வருபவரும் அவரே. தோற்ற வவுச்சருக்குப் பதிலாக, கோல்ட்வாட்டர் இன்ஸ்டிட்யூட் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள் வகுத்த யுக்திதான் இந்தக் கணக்கு. பள்ளிக்கு நேரே போகும் பணம் தனியார் பள்ளிக்கு உதவி. பெற்றோரின் கணக்குக்குப் போய், பள்ளிச் சம்பளம், தெரபி, புத்தகம், ஆசிரியர் என்று பல வழிகளில் அவர்கள் இஷ்டம்போல் பிரியக்கூடிய பணம் குடும்பத்துக்கு உதவி. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வேற்றுமையை ஏற்றுக்கொண்டது. 2014-ல் மாகாணத் தலைமை நீதிமன்றம் அதை மறுபரிசீலனை செய்ய மறுத்துவிட்டது. விசேஷக் குழந்தைக்குப் பலவிதமான செலவுகள் உண்டு என்ற உண்மையே நீதிபதிகளின் முன் அந்த வாதத்துக்கு உயிர் கொடுத்தது.

ஃபிளோரிடாவில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அங்கே 1999-லேயே விசேஷக் குழந்தைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்துக்குப் பாடுபட்ட செனட்டர் ஜான் மெக்கே, கற்பதில் சிரமமுள்ள ஒரு பெண் குழந்தையின் தந்தை. 2014-ல் வந்த கணக்குத் திட்டத்துக்கு 2016-ல் சூட்டப்பட்ட பெயர், டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனைப் பெற்ற செனட் தலைவர் ஆண்டி கார்டினருடையது. வீட்டிலே பட்ட வேதனையைச் சட்டசபைக்குக் கொண்டு சென்ற இவர்களுடைய நல்ல எண்ணத்தில் நமக்குச் சந்தேகம் எதுவுமில்லை. சராசரி 10,000 டாலர் அளித்த அத்திட்டத்தால் பயனடைந்த குடும்பங்கள் ஏராளம். 2015-ல் மிஸ்ஸிஸிப்பியும் டென்னஸியும், 2017-ல் வட கரோலினாவும் விசேஷக் குழந்தைகளுக்கென்றே இத்தகைய கணக்குகளை ஏற்படுத்தின. மாகாணத்துக்கு மாகாணம் தாராளம் வேறுபடுகிறது. வட கரோலினா 9,000 டாலரும், கடுமையான சில நிலைகளுக்கு 17,000 டாலரும் கொடுக்கிறது. நாட்டிலேயே வறுமை மிகுந்த மாகாணங்களில் ஒன்றாகிய மிஸ்ஸிஸிப்பியோ தொடக்கத்தில் 6,500 டாலர் என்று நிர்ணயித்து, அதையும் பெற்றோர் முதலில் தம் கையிலிருந்து செலவழித்து, ரசீதைக் காட்டிப் பின்னர் வாங்கிக்கொள்ளும்படி விதித்தது. கையில் முதல் இல்லாத கறுப்பினத் தொழிலாளியின் குழந்தைக்கு இந்தக் கணக்கு இருந்தும் இல்லாததே. டெல்டா பிரதேசத்தின் பருத்தி வயல்களுக்கிடையே உள்ள சிற்றூர்களில், பணம் இருந்தாலும் ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடி வெகுதூரம் காரில் போக வேண்டும்.

இனி, விட்டுக்கொடுப்பதைப் பார்ப்போம். அரிசோனாவின் ஒப்பந்தத்தில், குழந்தைக்குக் கல்வி அளிக்கும் சகல கடமைகளிலிருந்தும் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தை விடுவிக்கிறேன் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். டென்னஸியிலும் மத்தியச் சட்டத்தின் உரிமைகளைத் துறந்தே கணக்கில் சேர வேண்டும். ஏனெனில் 1975-ஆம் வருஷத்துச் சட்டம் தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. பெற்றோர் தாமாகத் தனியார் பள்ளியில் சேர்த்த குழந்தைக்கு ஐ.இ.பி. என்ற பத்திரத்தின் பலம் இல்லை. விசாரணை அதிகாரியிடம் முறையிடும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. உடற்குறையுள்ளோரைப் பேதப்படுத்தக் கூடாதென்ற 1990-ஆம் வருஷத்து மற்றொரு பெரிய சட்டமும் மத ஸ்தாபனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கிறது. அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை அத்தகையவை. ஆகவே, 'உங்கள் பிள்ளையை எங்களால் பார்த்துக்கொள்ள இயலாது' என்று சேர்க்கும்போதும் சொல்லலாம். சேர்த்த பிறகு ஆண்டு நடுவிலும் சொல்லலாம். அரசுப் பள்ளி அப்படிச் சொல்ல முடியாது. எவ்வளவு முரட்டுத்தனமான குழந்தையானாலும், எவ்வளவு செலவு பிடிக்கும் குழந்தையானாலும், அதற்கு இடமில்லை என்ற வார்த்தை அதன் வாயிலிருந்து வரக் கூடாது. நல்ல பள்ளியோ கெட்ட பள்ளியோ, அந்த ஒரு நிச்சயம் அந்தத் தாயாருக்கு இருந்தது. அதைத்தான் அவர் பணத்துக்கு மாற்றிக்கொள்கிறார்.

தெரிந்தே மாற்றிக்கொள்கிறாரா என்பது அடுத்த கேள்வி. மத்திய அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை இதைப் பரிசீலித்தது. விசேஷக் குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட வவுச்சர், கணக்குத் திட்டங்களில் சேர்ந்திருந்த மாணவர்களில் நூற்றுக்கு 83 பேர், உரிமைகள் மாறுவதைப் பற்றி ஒரு தகவலும் கொடுக்காத திட்டங்களில், அல்லது பிழையான தகவலைக் கொடுத்த திட்டங்களில் இருந்தார்கள் என்பது அதன் முடிவு. பெற்றோரின் விருப்பத்தை மதிக்கிறோம் என்று சொல்கிற அரசாங்கம், அந்த விருப்பத்துக்கு வேண்டிய அறிவைக் கொடுக்காமலிருப்பது எவ்வாறு மதிப்பதாகும்?

உரிமையும் பணமும் சேர்ந்திருக்க முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மையல்ல. அதே 1975-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஒரு குழந்தைக்குத் தன்னிடம் தகுந்த வசதி இல்லையென்று ஊர்ப் பள்ளி நிர்வாகமே அதைத் தனியார் பள்ளியில் சேர்க்குமானால், ஐ.இ.பி.யும் முறையீட்டு உரிமையும் முழுவதும் குழந்தையுடன் கூடவே போகின்றன, செலவும் நிர்வாகத்தினுடையதே. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே மாதிரியான இரண்டு குழந்தைகள். ஒன்றை நிர்வாகம் அனுப்பியது, மற்றொன்று கணக்குப் பணத்தில் வந்தது. முதல் குழந்தைக்குச் சட்டம் காவல் நிற்கிறது, இரண்டாவது குழந்தைக்கு இல்லை. இந்த வேற்றுமையை இயற்கை விதிக்கவில்லை. சட்டசபைகள் விதித்தன, மனம் வைத்தால் சட்டசபைகளே மாற்றலாம்.

ஆனால் சட்டசபைகளின் மனம் வேறு திசையில் போயிற்று. 2012 முதல் அரிசோனா, தரம் குறைந்த பள்ளிகளின் மாணவர்கள், ராணுவத்தினரின் குழந்தைகள், பூர்வகுடியினரின் பிள்ளைகள் என்று ஒவ்வொரு கூட்டத்தாராகக் கணக்குக்குள் சேர்த்து வந்தது. 2017-ல் எல்லா மாணவர்களுக்கும் என்று விரிக்க முயன்றபோது, தாய்மார்களும் ஆசிரியைகளும் முன்னின்று ஒரு லட்சத்துக்கு மேல் கையொப்பங்களைத் திரட்டி, விஷயத்தை ஜனவாக்குக்கு விடும்படி செய்தார்கள். 2018 நவம்பரில் வாக்காளர்களில் நூற்றுக்கு 65 பேர் அந்த விஸ்தரிப்பை நிராகரித்தார்கள். அப்படியிருந்தும் 2022-ல் சட்டசபை அதை மீண்டும் இயற்றி நிறைவேற்றிவிட்டது. அதற்கு முன் 12,000 அளவில் இருந்த கணக்குகள் 2024-க்குள் 75,000-ஐத் தாண்டின. புதிதாக விண்ணப்பித்தவர்களில் முக்கால்வாசிப் பேர், ஏற்கெனவே சொந்தப் பணத்தில் தனியார் பள்ளியிலோ வீட்டிலோ படித்துக்கொண்டிருந்தவர்கள். திருவிழாக் கூட்டத்தில் நடக்க இயலாதவர்களுக்கென்று ஒரு சிறு வாசலைத் திறந்துவிட்டு, பின்னர் அதன் வழியே எல்லோரையும் போகச் சொன்னால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. செலவுச் சீட்டுகள் இலாகாவில் மலையாகக் குவிந்தன. அடுத்த வாரத் தெரபிக்குப் பணம் வருமா என்று கவலைப்படும் பெற்றோர், பியானோ பாடத்துக்கு அனுமதி கேட்பவர்களோடு ஒரே வரிசையில் காத்து நிற்க வேண்டியதாயிற்று. தேக்கத்தைத் தீர்க்க, 2,000 டாலருக்குக் குறைந்த செலவுகளுக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் தணிக்கை செய்வதென்று இலாகா முடிவு செய்தது. இதனிடையே 2024-ல், இல்லாத குழந்தைகளின் பெயரில் கணக்கு திறந்து, பொய்யான குறைச் சான்றுகளைக் காட்டி, 6 லட்சம் டாலருக்கு மேல் அபகரித்ததாக, கல்வி இலாகாவிலேயே முன்பு ஊழியம் பார்த்த மூவர் உட்பட ஐந்து பேர் மீது மாகாண அட்டர்னி ஜெனரல் குற்றம் சாட்டினார். விசேஷக் குழந்தையின் கணக்கில்தான் தொகை அதிகம் என்பதால் அந்தக் குழந்தையின் பெயரே இக்குற்றத்துக்குக் கருவியாக எடுக்கப்பட்டதென்பதை நினைக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது.

கணக்கு முறையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ட்ரூவின் எட்டு வருஷங்களையும் டெக்ஸாஸின் அளவுகோலையும் அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. உரிமை ஏட்டளவில் நின்றுபோன இடங்களில் பணமாவது குழந்தைக்கு உடனே பயன்படுகிறது. ஆனால் உரிமையைக் கொடுத்தால்தான் பணம் என்ற நிபந்தனை அநீதியானது. அரசாங்கம் தன் கடமையைச் செய்யத் தவறியதற்கான பரிகாரத்தை, அந்தக் கடமையிலிருந்து தான் தப்பித்துக்கொள்ளும் வழியாக மாற்றிக்கொள்வது அது. விசேஷக் கல்விக்கென்று கணக்குப் பணத்தை வாங்கும் பள்ளி, அந்தப் பணத்தோடு ஐ.இ.பி.யையும், முறையீட்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். காரணம் காட்டாமல் ஆண்டு நடுவில் குழந்தையை வெளியேற்றும் பள்ளிக்கு, வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கும் கட்டாயமாவது இருக்க வேண்டும்.

இப்போது டெக்ஸாஸின் முறை வந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் கவர்னர் கிரெக் அபட் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, நூறு கோடி டாலர் ஒதுக்கீட்டில், 2026-27 கல்வியாண்டு முதல் அங்கே கணக்குகள் தொடங்குகின்றன; விசேஷக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 30,000 டாலர் வரை கிடைக்கும். அந்த அதிகத் தொகைக்கு அரசுப் பள்ளி எழுதிய ஐ.இ.பி. கையில் இருக்க வேண்டும். தனியார் பள்ளிகளோ யாரையும் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவை அல்ல. ஹூஸ்டனிலும் டல்லஸிலும் ஆஸ்டினிலும் நம்மவர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இதைப் படிக்கும் தாத்தா பாட்டிகளின் பேரக் குழந்தைகளில் சிலர் இந்தக் கணக்குக்கு உரியவர்களாக இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: அரசுப் பள்ளியை விட்டு விலகுவதற்கு முன் குழந்தையின் பரிசோதனை அறிக்கையையும் ஐ.இ.பி.யையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சேரப்போகும் பள்ளி வாரத்துக்கு எத்தனை மணி தெரபி கொடுக்கும், எந்தக் காரணத்துக்காகக் குழந்தையை வெளியே அனுப்பும், அப்போது கட்டிய சம்பளம் திரும்பி வருமா என்பவற்றை எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிக்குத் திரும்பி வந்தால் பழைய உரிமைகள் மீண்டும் உயிர்பெறும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே உங்கள் உறவினர் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே இவற்றை அவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள்.